வீட்டுக்குள் தண்ணீர் வராத ஊர்

பொத்தேரியில் நாங்கள் இருந்த தரைத்தள ஃபிளாட்டுக்குள் ஒரு ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் புகுந்தது. கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ படகில் கொண்டுவந்த பிரெட் பாக்கெட்டுக்குக் கை நீட்ட வேண்டியிருந்ததே, அதுதான் என் வீட்டுக்காரரை உலுக்கிவிட்டது. தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த அன்றே சொல்லிவிட்டார்.

"இனிமே யாரையும் நம்பி உக்காரக் கூடாது. நமக்கு வேணுங்கறது எல்லாம் நம்ம எடத்துலயே இருக்கணும்."

மனுஷன் பயந்துபோயிருக்கிறார், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கே சரியானது? அதற்கப்புறம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், பாகங்களைச் சோதிக்கிற பிரிவில் எனக்கு வேலை. வாரம் பூரா நின்றே கால் வீங்கும். ஞாயிறு காலையில் கொஞ்சம் நீட்டிப் படுக்கலாம் என்றால், பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நிலம் பார்க்கக் கிளம்பிவிடுவார். கிணற்றை எட்டிப் பார்ப்பார். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து உப்பு இருக்கிறதா என்று யோசிப்பார். மண்ணை உருட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கரண்ட் எத்தனை நாள் நிற்கும் என்று வழியில் போகிறவரை நிறுத்தி விசாரிப்பார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டதில்லை.

மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிய இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "புயல் வந்தா மொத அடி இங்கதான்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். இன்னும் தெற்கே போனால் அணுமின் நிலையம். ஏதாவது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி பண்ணச் சொல்வார்களாம், அதனால் அதுவும் வேண்டாம். நான் எல்லா ஊரிலும் கேட்டது ஒன்றுதான். கம்பெனி பஸ் எங்கே நிற்கும்? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

கடைசியில் செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர் அவருடைய பரீட்சையில் எல்லாம் தேறியது. நல்ல தண்ணீர், நல்ல மண். ஏரியை ஒட்டி இருந்தாலும் மேடான இடம். அங்கே டீக்கடையில் அவர் கேட்டார், "மழைக்காலத்துல வீட்டுக்குள்ள தண்ணி வருமா?" ஒரு தடவை வெள்ளத்தில் மாட்டியவர்கள் எல்லாரும் எங்கே போனாலும் இதைத்தான் கேட்பார்கள்.

"வூட்டாண்ட எப்டி சார் வரும்? மேட்டு பூமி. எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு ஏறாது" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் வருமா என்று கேட்டோம், வராது என்றார். வெளியே போக முடியுமா என்று நாங்கள் கேட்கவில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் ஊரைப் பெரிய ரோட்டோடு சேர்க்கிற தரைப்பாலம் முழுகிவிடும். ஊர்க்காரர்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற சங்கதி. அந்த நாட்களுக்கென்று சாமான் வாங்கிப் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் இருந்துவிடுவார்கள். இதைப் போய் யார் ஒரு குறையாகச் சொல்வார்கள்?

வீடு எழும்பியது. கூரைமேல் சோலார், உள்ளே பேட்டரி, பின்னால் கோழிக்கூண்டு, ஓர் அறை பூரா அரிசியும் பருப்பும். நான் ஸ்கூட்டியில் தரைப்பாலத்தைத் தாண்டிப் போய் ரோட்டில் கம்பெனி பஸ் பிடித்தேன். முதல் வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷம் ஏரி நிரம்பியது.

அதுவும் எந்த வாரம்! வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனி எங்கள் பாகங்களின் தரத்தைப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிற வாரம். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்த என்னை அதோடு நிரந்தரமாக்கப் போவதாகவும், ஆடிட் அன்று என் மேஜையில் நான்தான் நிற்க வேண்டும் என்றும் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த வேலை மட்டும்தான் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது. மற்றதெல்லாம் என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தது.

காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு தரைப்பாலத்துக்குப் போனேன். பாலத்தையே காணோம், செம்மண் தண்ணீர்தான் ஓடியது. கரையில் டிராக்டரோடு ஒருவர் நின்றார். முந்தின நாள் வரை பால் கேனையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்த்தவர்.

"அண்ணாத்த, என்ன மட்டும் வுட்டுடுங்களேன்" என்று அவர் பாஷையிலேயே கெஞ்சினேன்.

"இன்னிக்கி ஆவாதுக்கா. வண்டியையே இஸ்த்துனு பூடும். வூட்டுக்குப் போ."

திரும்பி வந்தால் வீட்டில் கூட்டம். ஊரெல்லாம் கரண்ட் இல்லை, எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடுகிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள் போனைச் சார்ஜ் போட வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவர் போனையும் வாங்கி வாங்கிச் சொருகினார், எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். மொட்டை மாடியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது.

சமையலறைக்குள் போய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். பாலம் முழுகிவிட்டது சார், தண்ணீர் வடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன் என்றேன்.

"இன்னா மேடம், அதுவரைக்கும் ஆடிட் காத்துனு இருக்குமா? ஒங்க எடத்துல வேற பொண்ண நிக்க வச்சிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். இன்னும் யூனிபார்மில்தான் இருந்தேன். எதிர் வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வேலைக்கிப் போவலியா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், "அவ வேலைய விட்டுட்டா. இங்கதான் எல்லாம் இருக்கே."

"நல்லதாப் போச்சு" என்றாள் எதிர் வீட்டம்மா.

"நான் விடல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். எதிர் வீட்டம்மா அவர் பக்கம் திரும்பி, "எம்மா நேரம் ஆவும் சார், இது ரொம்பறதுக்கு?" என்று தன் போனைக் காட்டிக் கேட்டாள்.