நாலு எழுத்து அவரிடம், நாலு எழுத்து இவரிடம்

இந்தத் தொழிலில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அரை நாள் வேலை; பாஸ்வேர்டை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவதுதான் ஆயுள் முழுக்க வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறேன். கிள்ளான் வரைக்கும் வேனில் ஏணியோடு சுற்றுகிறேன். அடுத்தவர் போனையோ கம்ப்யூட்டரையோ சரிசெய்து கொடுத்து மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். யாருடைய பாஸ்வேர்டையும் நான் வைத்துக்கொள்வதில்லை. அதில் எனக்கு ரொம்பக் கர்வம். அந்தக் கர்வத்தால் ஓர் அக்காவின் மானம் போகப் பார்த்தது. அதற்கும் வருகிறேன்.

கேமராவுக்குக் கீழே ஒரு சீட்டு

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அங்கிள். யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மளிகை ரசீதைக்கூட ஃபைல் போட்டு வைப்பவர். பிறந்த தேதி வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம் என்று ஒரு மணி நேரம் மன்றாடி, நல்ல கெட்டியான பாஸ்வேர்ட் ஒன்றை அவர் கையாலேயே போட வைத்தேன்.

அடுத்த மாதம் லென்ஸ் துடைக்கப் போனால், வாசல் கேமராவுக்கு நேர் கீழே அதே பாஸ்வேர்ட் தொங்குகிறது! மழையில் நனையக் கூடாதென்று லேமினேட் வேறு செய்திருக்கிறார். எனக்குத் தலை சுற்றியது. அங்கிள் கொஞ்சமும் அசரவில்லை. "ஆரும் அதைப் பார்க்க வந்தா, அவன்ர முகம் கேமராவில விழும்தானே தம்பி" என்றார்.

உண்டியலுக்கு உள்ள மாதிரியே

கிள்ளானில் ஓர் அம்மன் கோயில். தலைவர் லோரி கம்பெனி வைத்திருக்கிறார். செயலாளர் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே உண்டியலுக்கு இரண்டு பூட்டு, ஸ்டோரில் இருக்கும் இரும்புப் பெட்டிக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று செயலாளரிடம். எதையும் ஒருத்தர் மட்டும் திறக்கக் கூடாது என்பது கோயில் வழக்கம்.

கேமராவுக்கும் அப்படியே வேண்டும் என்றார்கள். எட்டு எழுத்து பாஸ்வேர்ட். தலைவர் முதல் நாலைத் தட்டும்போது செயலாளர் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு செயலாளர் தட்ட, தலைவர் சுவரைப் பார்த்து நின்றார். போனில் யாரும் பார்க்கக் கூடாதாம், கோயில் ஆபீஸ் திரையில் மட்டும்தானாம். எழுதி ஒரு கவரில் வையுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. தலைவர் என் தோளைத் தட்டி, "நாங்க ரெண்டு பேரும் ஒன்னா இருக்கற வரைக்கும் எவனும் கை வைக்க முடியாதுலா" என்றார்.

மகேஸ்வரி அக்கா

திருவிழா முடிந்த மறுநாளே தலைவருக்கும் செயலாளருக்கும் சண்டை. நன்றி சொல்லும் பேனரில் யார் பெயர் முதலில் என்பதுதான் பிரச்சினை. அதோடு பேச்சு நின்றது. இரண்டு வாரம் கழித்து வெள்ளித் தாம்பாளத்தைக் காணோம். பழி, கோயில் பாத்திரம் கழுவும் மகேஸ்வரி அக்கா மேல் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக் கூட்டத்துக்குள் கிடைக்காவிட்டால் போலீஸ் ரிப்போர்ட் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா எனக்குப் போன் போட்டார். ஸ்டோர் கேமராவைத் திறந்து காட்டுங்கள், போதும் என்றார். என்னிடம் ஓர் எழுத்துகூட இல்லை. கேமரா கம்பெனியிடம் சொல்லி பாஸ்வேர்டை மாற்ற ஒரு வாரம் ஆகும். கொள்கையாவது மண்ணாவது என்று என்னையே திட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோயிலில் போய் நின்றேன்.

தலைவர் தன் நாலு எழுத்தைத் தட்டிவிட்டு, செயலாளர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று செருப்பு வைக்கும் இடத்துக்குப் போனார். செயலாளர் மண்டபத்திலிருந்து ஆடி அசைந்து வருவதற்குள் நேரம் கடந்து திரை தானே மூடிக்கொண்டது. இரண்டாவது தடவையும் அதே கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க வீம்புக்கு இந்த அக்கா ஏன் போலீஸ் லோக்காப்புக்குப் போகணும்?" என்று சத்தமாகவே கேட்டேன். இருவரும் தோளோடு தோள் உரச நின்று, கையால் மறைத்து மறைத்துத் தட்டினார்கள். திறந்தது.

பதிவைத் திருவிழாவின் கடைசி நாளுக்குப் பின்னோக்கி ஓட்டினேன். அக்கா தாம்பாளத்தைத் துடைத்துத் தலைவர் கையில் கொடுக்கிறார். தலைவர் அதை இரும்புப் பெட்டியில் வைக்கிறார். செயலாளர் அம்மனின் பட்டுச் சேலைகளை மேலே அடுக்குகிறார். ஆளுக்கொரு பூட்டைப் பூட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். சண்டை மும்முரத்தில் இருவருமே இதை மறந்துபோயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் திறப்பது? இரண்டு சாவியும் ஒன்றாக வர வேண்டுமே.

பெட்டியைத் திறந்தார்கள். சேலைக்கு அடியில் தாம்பாளம் பத்திரமாக இருந்தது. தலைவர் மன்னிப்பு என்று ஏதோ முணுமுணுத்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். அக்கா அவர்களை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "தம்பி, அந்த பாஸ்வேர்ட மூனாப் பிரிங்க, ஒரு பங்கு எனக்கு" என்றார்.

இப்போது அந்தக் கோயில் பாஸ்வேர்ட் பன்னிரண்டு எழுத்து, நடு நாலு அக்காவுடையது, அவர் தட்டும்போது தலைவரும் செயலாளரும் ஒரே சுவரைப் பார்த்து நிற்கிறார்கள்.