மச்சானுக்கு மட்டும் வராத தட்டு

ஏசி போட்ட இடத்தில் மனிதர்கள் கத்த மாட்டார்கள் என்பது நானாகக் கண்டுபிடித்த உண்மை. பேங்கில் யாரும் கத்துவதில்லை. நகைக்கடையில் கத்துவதில்லை. அதனால்தான் என் மனைவியின் அண்ணனோடு சமாதானம் பேச, பெரம்பலூரில் புதிதாகத் திறந்திருந்த அந்த ஓட்டலைத் தேர்ந்தெடுத்தேன். வாசலில் 'பிஸ்ட்ரோ' என்று எழுதியிருந்தது. அப்படி என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். "கொஞ்சமா வைப்பாங்கன்னு அர்த்தம்ப்பா" என்றாள்.

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மணமேடை ஏறுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். தாய்மாமனே இல்லாத வீடு என்றால் வேறு ஆளைப் பிடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செந்துறையில் கல்லுக்குண்டு மாதிரி ஒரு தாய்மாமன் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாராவது கட்டினால், மண்டபத்தில் சாப்பிட வருகிற அத்தனை பேரும் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே காரணம் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் ஆளாகக் கேட்பார்கள்.

மச்சான் எங்களோடு பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. காரணம், மகளின் மஞ்சள் நீராட்டு விழா. சீர்த்தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு பந்திக்கு வந்தார். அதற்குள் என் பங்காளிகள் ஓர் இலை மிச்சமில்லாமல் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். சீர் கொண்டுவந்த தாய்மாமன் ஈரக்கையோடு நின்றார். நான் அப்போது சமையல்கட்டில், தீர்ந்துபோன சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழாத குறையாக இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அவர் பஸ் ஏறியிருந்தார்.

"தட்டுல வெத்தலபாக்கு வச்சி அவுங்க வூட்டுக்கே போயிக் கூப்புடுறதுதான் முறை" என்றாள் மனைவி.

"போனா கதவச் சாத்திட்டா?"

"சாத்தட்டும். வாசல்ல ஒக்காருவோம்."

செந்துறையில் ஒரு தெருவே பார்க்க, மூடிய கதவின் முன் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னை நானே கற்பனை செய்து பார்த்தேன். அதனால் மகளைப் போன் செய்யச் சொன்னேன். அவளுக்கு மட்டும் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. அரியலூர் என் ஊர், செந்துறை அவர் ஊர். பெரம்பலூர் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஊர். இந்த ராஜதந்திரத்தை மனைவியிடம் விளக்கினேன். அவள் குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும் சத்தம் கூடியது.

மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், இப்போது சொந்த லாரி வைத்திருக்கிறார். நாற்காலி மெத்தையாக இருந்தது, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. மேசை ஆடியது. விளக்கு கண்ணைக் குத்தாத மஞ்சளில் பிரமாதமாக இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் மெனுவைப் படிக்க செல்போன் டார்ச் வேண்டியிருந்தது. சூப் வந்தது. அப்படியொரு காளான் சூப்பை நான் குடித்ததில்லை. கூட வந்த பன்னைக் கடித்தபோது கடைவாய்ப் பல் என்னோடு பேசியது.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைத் தங்கச்சியிடம் சொன்னார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு உப்பு டப்பா.

"ஒன் வூட்டுக்காரருக்கு வூடு இல்லியாம்மா? ரோட்டோரம் கூப்புட்டு சோறு போடுறாரு?"

"அவருக்கு வூடு இருக்குண்ணே. புத்திதான் இல்ல" என்றாள் என் மனைவி. அண்ணனும் தங்கச்சியும் இத்தனை வருடம் கழித்து ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"மச்சான், ஏசி இருக்குமேன்னு..." என்றேன்.

"ஏசி பொணத்துக்கும்தான் போடுறான்னு சொல்லும்மா."

மகள் டிஷ்யூ பேப்பரால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. என் ஏசி தத்துவம் அங்கேயே செத்துப்போனது.

ஆளுக்கொன்று சொன்னோம். மகள் பாஸ்தா, மனைவி காய்கறி போட்ட சாதம், நான் கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும். மச்சான் மீன் கேட்டார். முள் இல்லாத மீன் என்று சர்வர் சொன்னதும், "முள்ளு இல்லாத மீனு எந்த ஏரியில கெடைக்குது?" என்றார். சர்வர் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே போனார்.

முதலில் பாஸ்தா வந்தது. சரி, சின்னப் பெண், வரட்டும் என்று இருந்தோம். அடுத்து மனைவியின் சாதம். அடுத்து என் கோழி, ஆவி பறக்க, தட்டு நிறைய. பிறகு ஒன்றும் வரவில்லை. சமையலறைக் கதவு ஆடி ஆடி நின்றது. மூன்று தட்டுகள் நடுவில் மச்சானுக்கு முன்னால் முள்கரண்டியும் கத்தியும் மட்டும் கிடந்தன.

எனக்கு விஷயம் புரிய ஒரு நொடி பிடித்தது. மறுபடியும் அதே கூத்து. எல்லார் முன்னும் சாப்பாடு, தாய்மாமன் முன்னால் வெறும் இடம். இந்த முறை குற்றம் சொல்லக்கூட எனக்குப் பங்காளிகள் இல்லை.

"யாரும் கை வைக்காதீங்க!" என்று கத்தினேன். ஏசி அறையில், நானே.

மகளும் மனைவியும் கை வைக்கவே இல்லை. என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தேன்: என் வாயில் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. பயம் வந்தால் என் கை என்னைக் கேட்காமலே எதையாவது எடுத்து வாயில் போட்டுவிடும். விழுங்கினால் சாப்பிட்டவன் ஆவேன். துப்பினால் அதைவிடக் கேவலம். அப்படியே மென்றபடி சர்வரைக் கூப்பிட்டேன்.

"சார், எங்க ஸ்டைலே அதான் சார். எது ரெடியோ அது மொதல்ல வந்துரும்" என்றார் அவர்.

"அதெல்லாம் ஒங்க ஸ்டைலா இருக்கட்டும் தம்பி, எங்களுக்கு அது வெட்டு குத்துல போயி முடியும்."

அவர் உள்ளே ஓடினார். மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்தச் சத்தத்தில் எனக்கு மூளை வேலை செய்வதை நிறுத்தியது. இல்லையென்றால் அடுத்து செய்ததைச் செய்திருப்பேனா? என் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, பயபக்தியோடு அவர் முன்னால் வைத்தேன்.

"மொதல்ல நீங்க சாப்புடுங்க மச்சான்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் அந்தத் தட்டைப் பார்த்தார். வறுவல் குவியலில் நான் எடுத்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. என் வாயைப் பார்த்தார். அது இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"எச்சித் தட்டும்மா" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "அன்னிக்கு நிக்க வச்சாரு. இன்னிக்கு எச்சி போடுறாரு. அடுத்த தடவ எலை எடுக்கச் சொல்வாரா? கேட்டுச் சொல்லு."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன், முட்டி பட்டு மேசை ஆடி, தண்ணீர் என் கால்சட்டையில் வழிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தண்ணீர்தான் என்று தெரிந்திருக்குமா என்பது இன்றுவரை என் கவலை.

மகள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"மாமா, போறதுன்னா போங்க. ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. பட்டம் யாரு கட்டுறது? அப்பாவா? அவரு சொந்த ஷூ லேஸையே அம்மாகிட்ட நீட்டுறவரு. முடிச்சு போடுறேன்னு என் மூக்கையும் சேத்துக் கட்டிருவாரு."

மச்சான் நின்றார்.

"நான் சீர் கேக்கல மாமா. ஒங்க கை வேணும், அவ்ளோதான். நீங்க வரலன்னா வெறும் நெத்தியோட போயி ஒக்காருறேன். கேக்குறவங்ககிட்ட, ஒரு தட்டு மீனு லேட்டாச்சுன்னு சொல்லிக்கிறேன்."

மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என் தொடையில் கிள்ளினாள், இதற்கெல்லாம் காரணம் நான் என்பதை நான் மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

மச்சான் உட்கார்ந்தார். அதே நேரம் மீன் வந்தது. ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து. சர்வர் மாற்றித் தருவதாகச் சொன்னார். மச்சான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கரண்டிகளை ஓரமாகத் தள்ளினார்.

"நான் சாப்புட்டு எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. பாப்பாவத் தவிர."

பாப்பா பாஸ்தாவைச் சுருட்டினாள். மச்சான் மீனை விரலால் பிய்த்து, ஒவ்வொரு துண்டாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரித் தின்றார். வேண்டுமென்றேதான் செய்தார். என் கோழி ஆறி, அதன் மேல் நெய் மாதிரி ஒன்று உறைந்தது. என் வயிறு சத்தமாக ஒரு தடவை உறுமியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இருமினேன். உறுமலை இருமலால் மறைக்க முடியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

கருகின பக்கத்தையும் விடவில்லை. தட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று ஆனதும், முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்" என்றேன்.

"பட்டம் கட்ட வரேன். ஒங்களுக்காக இல்ல. ஒங்க மேல இருக்குற கோவம் அப்புடியே இருக்கு, அத எதுக்கும் கொறைக்கிறதா இல்ல. அன்னிக்கு எனக்கு நீங்கதான் பரிமாறணும். சமையக்காரன் இல்ல, பங்காளி இல்ல. நீங்க. உப்புலேருந்து பாயாசம் வரைக்கும். நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கணும்."

"நிக்கிறேன் மச்சான்." அவர் முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"அவருக்குப் பரிமாறத் தெரியாதுண்ணே. வூட்டுல ஒரு நாளு சட்டியத் தொட்டதில்ல" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி.

"அப்ப இப்பவே பழகட்டும்." காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

நான் ஜக்கை எடுத்தேன். ஈரக் கால்சட்டையோடு மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். சர்வர் பதறிக்கொண்டு ஓடி வந்து, "சார், நீங்க ஒக்காருங்க சார், நாங்க ஊத்துறோம்" என்று ஜக்கைப் பிடித்தார். நான் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

"தம்பி, நீ தள்ளு" என்றார் மச்சான். "கை எப்புடி நடுங்குது பாரு. ஊத்தட்டும்."