ஆர்வில் டெஸ்கியின் இரண்டு விரல்கள்

எதிரே எது வந்தாலும் ஆர்வில் டெஸ்கியின் வலது கையில் இரண்டு விரல்கள் எழுந்துவிடும். ஸ்டியரிங்கை விட்டுக் கை நகராது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மேலே போய், ஒரு கணம் நின்று, மறுபடி படுத்துக்கொள்ளும். எங்கள் ஜல்லிச் சாலைகளில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இப்படி வணக்கம் சொல்கிற பழக்கம் உண்டு. ஆனால் நாங்கள் ஆளைப் பார்த்துத் தூக்குவோம். ஆர்வில் பார்ப்பதில்லை. வைக்கோல் வண்டிக்கும் தூக்குவார், சவ வண்டிக்கும் தூக்குவார், வேலித் தகராறில் தன்மேல் வழக்குப் போட்டவனுக்கும் தூக்குவார். ஓரமாக நிறுத்திவைத்த ஆளில்லாத டிராக்டருக்கு ஒருநாள் தூக்கியதை நானே பின்னால் வந்துகொண்டிருந்து பார்த்தேன்.

பால் டாங்கர் ஓட்டியே தலை நரைத்த மனிதர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்த அந்த வேலை போய்ச் சில வருடம் ஆகிறது, பழக்கங்கள் போகவில்லை. தன் சின்ன வண்டியைக் கூட டாங்கர் மாதிரி மூக்கு வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார். ஓசிக் காப்பி கிடைக்கிற இடத்திலும் தன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் குடிப்பார். சட்டைப் பையில் வெள்ளைப் பெப்பர்மிண்ட் எப்போதும் இருக்கும். கோபமாகப் பேச வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றை எடுத்து நீட்டுவார். வாயில் பெப்பர்மிண்ட்டை வைத்துக்கொண்டு யாரும் திருப்தியாகத் திட்ட முடியாது.

இந்த மனிதர் டன்ராவன் டவுன்ஷிப் என்கிற எங்கள் ஊராட்சியின் கவுன்சிலர்களில் ஒருவர். கவுன்சில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கூடும். ஊரில் பாதிப் பேர் மாட்டுக் கொட்டகையிலும் மீதிப் பேர் வேலைக்குப் போகும் வழியிலும் இருக்கிற நேரமாகப் பார்த்து ஊர்ப் பொதுக் காரியம் பேசுகிற அருமையான ஏற்பாடு இது. பொதுமக்களுக்கென்று பின்சுவரை ஒட்டி மடக்கு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பொதுமக்கள் நான் ஒருத்திதான். என் வீட்டுமுன் அடைத்துக்கொண்ட வாய்க்காலுக்காக வந்து உட்கார்ந்தேன். வாய்க்கால் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோபத்தினால் நானும் எழுந்து போகவில்லை.

கவுன்சிலில் ஒரு விதி உண்டு. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடக் கூடாது. தலைமை நாற்காலியில் இருக்கிற மேயர் முன்மொழிவதும் இல்லை, வழிமொழிவதும் இல்லை. ஆகவே மிச்சமிருக்கும் நாலு பேரில் யாராவது வாயைத் திறந்தாக வேண்டும். அந்த யாராவது எப்போதும் ஆர்வில்தான்.

ஜல்லி வாங்குவதா, ஓநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு நஷ்டஈடா, மைதானத்தில் புல் வெட்டப் புது மெஷினா, எதுவானாலும் சரி. முழங்கை மேசையில் இருந்தபடியே இருக்க, இரண்டு விரல்கள் எழும். "சரி, நான் இருக்கேன், எழுதிக்கோம்மா" என்பார். குமாஸ்தா அம்மாள் எழுதுவதே இல்லை. 'வழிமொழிந்தவர்: டெஸ்கி' என்று கூட்டத்துக்கு முன்பே எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டு வந்துவிடுவாள். ஒரே கூட்டத்தில் நூலகத்துக்குப் பணம் கூட்டும் தீர்மானத்தையும் குறைக்கும் தீர்மானத்தையும் இவரே வழிமொழிந்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டால் அவரிடம் ஒரு தத்துவம் தயாராக இருக்கும். "வழிமொழியறதுன்னா ஒத்துக்கிறதுன்னு உனக்கு யாரு சொன்னது வெர்னா? ஒருத்தன் ஒண்ணச் சொல்லிட்டு அநாதையா நிக்கக் கூடாது. பேச்சு ஆரம்பிக்கணும்ல? அதுக்குத்தான் நான்."

"பேச்சு எங்கேய்யா ஆரம்பிக்குது? நீ விரலத் தூக்கின உடனே எல்லாரும் கையத் தூக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடறீங்களே!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இந்தா, ஒரு பெப்பர்மிண்ட் எடுத்துக்கோ."

நல்ல மனுஷர். அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

வசந்த காலத்தில் ஒரு பொறியாளர் வந்து, பதினொன்றாம் லைன் சாலையில் ஓடைமேல் இருக்கிற இரும்புப் பாலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டைகளைப் போட்டு அடைத்துவிட்டார்கள். பழுது பார்க்கலாம் என்றுதான் பொறியாளர் எழுதியிருந்தார். ஆனால் பழுது பார்ப்பதைவிடப் பிடுங்கி எறிவது மலிவு என்று துணைமேயர் டூகலுக்குத் தோன்றியது. "அந்தப் பாலத்துல போறது யாரு? கார் எண்ணிப் பாத்தாச்சு, ஆளே இல்ல" என்றார்.

கார் இருக்காதுதான். பதினொன்றாம் லைனில் குடியிருப்பது முழுக்க மென்னோனைட் குடும்பங்கள். கிறிஸ்தவர்களில் பழைய கட்டுப்பாடு மாறாத ஒரு பிரிவு. கறுப்பு உடுப்பு, குதிரை வண்டி. வீட்டில் கார் கிடையாது, டிவி கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பாலத்தைத் தாண்டினால் அவர்கள் ஜெபக் கூடம், பள்ளிக்கூடம், சந்தை. பாலம் இல்லை என்றால் பெரிய நெடுஞ்சாலை ஏறித்தான் சுற்றிப் போக வேண்டும். ஜல்லிக் குவாரியின் டிப்பர் லாரிகள் சீறிக்கொண்டு போகிற சாலை அது. மூங்கில் கூடை கனம்கூட இல்லாத அந்த வண்டிகளில், பின்னால் வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு அதில் போக வேண்டும்.

கோடையில் டூகல் முதல் தீர்மானம் கொண்டுவந்தார். பாலத்தை நிரந்தரமாக மூடி அகற்றப் போவதாக ஊருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அந்தச் சாலைக்காரர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் தெரிவிக்கலாம். ஆர்வில் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகாத கையில் இரண்டு விரல்கள் எழுந்தன. "சரி, நான் இருக்கேன்."

அறிவிப்பை எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? டவுன்ஷிப்பின் இணையதளத்தில்! வீட்டில் கம்ப்யூட்டர் வைக்காத ஜனங்களுக்கு, அவர்கள் பாலத்தைப் பிடுங்கப் போகிற செய்தியை, கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஒரு தபால் கிடையாது. பாலத்துக் கட்டைமேல் ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. கெடு முடிந்த பிறகு வந்த கூட்டத்தில் மேயர் கார்னட் ஹிஸ்லப் முகமலர்ச்சியுடன் சொன்னார். "அறிவிப்பு குடுத்தோம். ஒரே ஒரு ஆட்சேபம்கூட வரல. ஜனங்களுக்குப் பரிபூர்ண சம்மதம்னு தெரியுது. அடுத்த மாசம் முடிச்சுடலாம்."

நான் எழுந்துவிட்டேன். "அவங்க வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாதே, கார்னட்!"

"வெர்னா, நீ இன்னிக்குப் பேசறவங்க லிஸ்ட்ல இல்ல. முந்தின வாரமே பேரு குடுத்திருக்கணும். அதோட நீ அந்தச் சாலையில குடியிருக்கறவளும் இல்ல. உக்காரும்மா."

உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்ததும் வெளியே, மூக்கை வெளியே காட்டி நின்ற வண்டியண்டை ஆர்விலைப் பிடித்தேன். "ஏன்யா, அத்தனை வருஷம் அந்தப் பாலத்து மேலதானே பால் எடுக்கப் போனே? அவங்க வீட்டு அடுப்படியில உக்காந்து ஆப்பிள் பை தின்னே இல்ல? கம்ப்யூட்டர் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் விரலத் தூக்கினியா?"

"அறிவிப்பு குடுக்கலாம்னுதானே சொன்னாங்க. அறிவிப்பு நல்லதுதானேன்னு..." என்று இழுத்தார். கை சட்டைப் பைக்குப் போனது.

"உன் மிட்டாய நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தீவனம் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன். ஆர்விலின் வீடு அந்தச் சாலை ஓரத்தில்தான். தபால் பெட்டியண்டை நின்று கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஓரமாக ஒரு குதிரை வண்டி. எதிரே ஒரு டிப்பர் லாரி வந்தது. ஆர்வில் தலையை நிமிர்த்தி வழக்கம் போல லாரிக்கு இரண்டு விரல்களைத் தூக்கினார். டிரைவரும் பதிலுக்குத் தூக்கினான். லாரி எழுப்பிய காற்றிலும் இரைச்சலிலும் குதிரை மிரண்டு ஒரு பக்கமாகப் பாய்ந்தது. வண்டி சரிந்து ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. பின்னாலிருந்த பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எந்தப் பிள்ளையும் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தூக்கிய விரல்களை இறக்க மறந்துபோய் ஆர்வில் ஓடினார். ஒரு முழங்கால் மடங்காத மனிதர், அந்தக் காலோடு ஓடினார். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். நான் போய்ப் பிள்ளைகளை இறக்கினேன். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. வண்டி ஓட்டியது லவீனா பௌமன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனாலும் முதலில் தொப்பி நாடாவைச் சரியாகக் கட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"ஒண்ணும் ஆகல, ஆர்வில். நீங்க பிடிச்சீங்களே, அது போதும்" என்றாள். பிறகு, "பாலத்த எப்ப தொறப்பாங்க?" என்று கேட்டாள்.

ஆர்வில் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவி செய்கிற மனநிலையில் இல்லை. "நோட்டீஸ் பாக்கலியா லவீனா?" என்று நானே கேட்டேன்.

"என்ன நோட்டீஸ்?"

"பாலத்தப் பிடுங்கப் போறாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை தீர்மானம். உன் வீட்டுக்காரர வந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லேன். லிஸ்ட்ல பேரு குடுக்க இன்னும் ஒரு நாள் இருக்கு."

அவள் யோசித்தாள். "ஆம்சி வரமாட்டார். அதிகாரத்துல இருக்கறவங்களோட வழக்காடறது எங்க வழக்கம் இல்ல" என்றாள். பிறகு ஆர்விலின் பக்கம் திரும்பி, சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "பரவால்ல. நீங்கதான் அங்க இருக்கீங்களே."

குத்தலாகச் சொல்லவில்லை. அவர்களுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள். ஆர்வில் கடிவாளத்தை அவள் கையில் கொடுத்தார். பழக்க தோஷத்தில் பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். வண்டி கிளம்பிப் போனபோது கடைசிக் குழந்தை திரும்பிப் பார்த்து, பெரியவர்கள் செய்வதுபோல இரண்டு விரல்களைத் தூக்கிற்று. அவர் கை மேலே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது, வேறு யாரும் இல்லாவிட்டாலும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டம் தொடங்குமுன் மேயர் சம்பிரதாயமாகக் கேட்டார், இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்த லாபம் உண்டா என்று. ஒரு கவுன்சிலர் கை தூக்கினார். பாலத்தைப் பிடுங்கும் காண்டிராக்ட் அவருடைய மைத்துனருக்காம். அந்த விஷயம் வந்தபோது நாணயஸ்தராக எழுந்து வெளியே போய்விட்டார். மைத்துனருக்குக் காண்டிராக்ட் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நினைத்த நான் லிஸ்ட்டில் இல்லை. இன்னொரு கவுன்சிலருக்கு வீட்டில் விசேஷம், அன்று வரவே இல்லை. மேசையில் மேயரும் டூகலும் ஆர்விலும்தான்.

டூகல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். பாலத்தை நிரந்தரமாக மூடி, அகற்றி, சாலையை இரு பக்கமும் முட்டுச் சாலையாக்குவது. "முன்மொழியறேன்."

மேயர் நிமிரவே இல்லை. "வழிமொழிஞ்சது ஆர்வில். ஆதரிக்கறவங்க..."

"நான் ஒண்ணும் சொல்லலியே, கார்னட்" என்றார் ஆர்வில்.

குமாஸ்தா அம்மாளின் கை நின்றது. அவள் காகிதத்தில் 'டெஸ்கி' ஏற்கனவே அச்சாகி இருந்தது.

மேயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அட, விளையாடாதீங்க. வழிமொழியறதுன்னா ஒத்துக்கிறதுன்னு அர்த்தம் இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க? பேசறதுக்காகவாவது..."

"யாரோட பேசப் போறோம்? அவங்கள்ல ஒருத்தர்கூட இங்க இல்லையே."

"அறிவிப்பு குடுத்தோமே ஆர்வில்" என்றார் டூகல். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "நீங்கதானே அன்னிக்கு வழிமொழிஞ்சீங்க!"

"ஆமா. நான்தான்" என்றார் ஆர்வில்.

நான் எதிரே உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன். மேசைமேல் இருந்த வலது கையில், முழங்கை நகராமலே, இரண்டு விரல்கள் தானாக எழப் பார்த்தன. அவர் அதைப் பார்த்தார். கையை மெதுவாக மேசையிலிருந்து எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேயர் இரண்டாம் தடவை கேட்டார். சுவரில் ஹீட்டர் உறுமியது. மூன்றாம் தடவை கேட்டபோது என்னைக்கூட ஒரு பார்வை பார்த்தார், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வழிமொழிய ஆள் இல்ல. தீர்மானம் விழுந்துடுச்சு. அடுத்தது, நாய் லைசென்சு."

டூகல் காகிதத்தைச் சடாரென்று திருப்பி, வாசித்து, முன்மொழிந்தார். அறையில் எல்லாரும் ஆர்விலைப் பார்த்தார்கள். ஆர்வில் வலது கையை எடுக்கவில்லை. அதன்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, பழக்கமில்லாத இடது கையைத் தூக்கி, நாய்களுக்காக இரண்டு விரல்களைக் காட்டினார்.