துடைக்கிறதுக்குத்தானே துணி

கார் கழுவும் ஷெட்டில் அவளை எல்லாரும் துண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் துண்டு இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. தண்ணீர் பீய்ச்சுவதும் நுரை போடுவதும் ஆண்களின் வேலை. கழுவிய காரை ஈரம் போகத் துடைப்பது அவள் வேலை. கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவாள். வெயில் முந்திக்கொண்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை கட்டிவிடும். நம்பர் பிளேட்டின் பின்புறம், பெட்ரோல் மூடிக்குள், கதவின் உள்விளிம்பு என்று தண்ணீர் ஒளியும் இடங்களையெல்லாம் காற்றுக்குழாயால் ஊதிவிட்டு மறுபடி துடைப்பாள். வண்டியின் மேல்பாகத்துக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. மாறிப்போனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

பிறவியிலேயே அருவருப்புக்காரி. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டாள். கல்யாணமான அன்றைக்குத் தன்னையே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டாள் என்று தையல்காரரான அவள் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக் காரைப் பாதி துடைத்திருந்தாள். காருக்குச் சொந்தக்காரன் போனில் பேசியபடி நடந்துகொண்டிருந்தவன், வாசலோரம் நாய் அசிங்கத்தை மிதித்துவிட்டான். பேச்சை நிறுத்தாமலே வந்து, பானட்டின் மேல் அவள் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து, செருப்பின் அடியை வழித்துத் துடைத்து, அதை அவளுடைய நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டான்.

"தம்பி, அது வண்டி துடைக்கிற துணி" என்றாள்.

"துடைக்கிறதுக்குத்தானே துணி" என்றான். கோபமோ கிண்டலோ இல்லை. மறுபடி போனுக்குப் போய்விட்டான்.

அவள் சுவருக்குப் பின்னால் போய்க் குடல் புரள வாந்தியெடுத்தாள். வாடிக்கையாளரிடம் வம்பு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். வேறு துணி எடுத்து மீதிக் காரையும் துடைத்துக் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் மகள், கட்டிக்கொள்ள நினைப்பவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அந்த வெள்ளைக் கார்க்காரனேதான். பழம் வாங்கி வந்திருந்தான். வாய் நிறைய அத்தை என்றான். சமையலைப் புகழ்ந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். அவளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. அந்தக் கை தன் வீட்டுத் தட்டில் சோறு பிசைவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவன் போனதும் மகளிடம் நடந்ததைச் சொன்னாள். மகள் நம்பாமல் இல்லை. ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா தும்முனாலே நீ தட்டை மாத்துற ஆளு. உனக்கு எதும்மா அசிங்கமில்ல?"

கணவரும் ஒரு துணிக்காகவா ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்பது என்றார். அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மகள் சொல்லியிருப்பாள் போல. மறுநாளே அவன் ஷெட்டுக்கு ஒரு கட்டுப் புதுத் துணியோடு வந்தான். முகம் நிஜமாகவே வாடியிருந்தது.

"மன்னிச்சிருங்க அத்தை. அன்னைக்கு நீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிச் செய்வேனா?"

"வேற யாராவதா இருந்திருந்தா?"

அவன் விழித்தான். பிறகு, அவள் ஏதோ வேடிக்கையாகக் கேட்டதுபோல் சிரித்தான். துணியில் அவன் செருப்பைத் துடைத்த அன்றைக்கு வயிறு மட்டும்தான் புரண்டது. இந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உச்சி முதல் பாதம் வரை கூசியது.

கல்யாணம் நடந்தது. அவளும் போட்டோவுக்குச் சிரித்தாள். அவன் கெட்டவனும் இல்லை. மகளை நன்றாகத்தான் வைத்திருக்கிறான். அதைச் சொல்லித்தான் கணவர் அவள் வாயை அடைப்பார். ஆனாலும் அவன் அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு எச்சில் புளிக்கும்.

போன மாதம் மகளும் மருமகனும் காரைக் கழுவ வந்தார்கள். அவள் துணியோடு கிட்டே போனதும் அவன் பதறிப்போய்த் தடுத்தான்.

"நீங்க எதுக்கு அத்தை? அந்தப் பொம்பளை துடைக்கட்டும்."

புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணைத்தான் காட்டினான். துண்டக்கா மகளைப் பார்த்தாள். முன்சீட்டில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி வந்து, அம்மாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து, தானே கூரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.