கிடாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்

பதியுதீன் காலையில் நெல் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் செய்கிற வேலை, பின்சுவரோரம் வெறும் மணலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது. அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. மாரியில் மட்டும் ஊற்றமாட்டார். ஆரையம்பதியிலிருந்து நெல் அவிக்க வரும் சின்னத்தங்கம் இதை ஆறு வருடமாகப் பார்த்தாள். அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆர்ர கபுறுக்குக் காக்கா ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துறீங்க?" என்று, புதைகுழிக்கு நீர் தெளிக்கும் வழக்கத்தைச் சொல்லிக் கேலி செய்வதும் அவள்தான்.

"நீ சுடலைக்குப் போகாம இரிக்கத்தான் தங்கச்சி ஊத்துறன்."

அது வெறும் பகிடியல்ல என்று அவளுக்குத் தெரியும்.

உலக யுத்தம் நடந்த நாற்பத்திரண்டில், நெல் ஊறும் தொட்டிக்கு நீர் இறைக்க முகைதீன்பாவா முதலாளி ஒரு கறண்டு மோட்டார் பூட்டினார். ஈரக்கையால் அதன் இரும்பைத் தொட்டால் சுள்ளென்றது. பெண்கள் சிரித்துக்கொண்டு கையை உதறினார்கள். எந்திரங்களைப் பார்த்துக்கொண்ட பதியுதீன் சிரிக்கவில்லை.

"சுவிச்சுல பியூஸ் இரிக்கிதானே?" என்றார் முதலாளி.

"பியூஸ் எரியக் கனக்கக் கறண்டு ஓடணும் முதலாளி. ஒரு பொம்புள உசிரு போய் மவுத்தாக அதுல கொஞ்சம் போதும்."

இரும்பில் ஏறுகிற கறண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டும். இறங்குகிற வழியிலேயே அது சுவிச்சை விழுத்தவும் வேண்டும். அதற்காக மோட்டாரின் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, பெரிய சுவிச்சின் அருகே வைத்த சுருளில் சேர்த்தார். சுருளில் கறண்டு ஓடினால் அது காந்தமாகிக் கொக்கியை இழுக்கும். கொக்கி விலகியதும் சுருள்வில் சுவிச்சின் பிடியைத் தள்ளி அணைத்துவிடும். சுருளின் மறுமுனையோடு இணைத்து மண்ணில் புதைக்கச் செம்பு வேண்டும். யுத்த காலத்தில் செம்புக்கு எங்கே போவது?

மனைவி சபூராவுக்கு அவள் உம்மா சீதனமாகக் கொடுத்த செம்புக் கிடாரம், விருந்துக்குச் சோறாக்கும் பெரிய அண்டா, வீட்டில் இருந்தது. "சண்டை முடியட்டும், மண்ணக் கிண்டி எடுத்துத் தாறன்" என்று கேட்டு வாங்கி, கரியும் உப்பும் போட்டுப் பின்சுவரோரம் புதைத்தார். சுற்றியுள்ள மண் காய்ந்தால் கறண்டு இறங்காது. தண்ணீர் அதற்குத்தான்.

அடுத்த பங்குனியில் தொட்டி விளிம்பில் வழுக்கிய சின்னத்தங்கம் இரண்டு கையாலும் மோட்டாரைப் பிடித்தாள். உடம்பு ஒருமுறை உதறியது. டக்கென்று சுவிச்சின் பிடி விழுந்தது, ஆலை நின்றது. அவள் கைகள் தாமாகவே கழன்று வந்தன. வீட்டில் அவளுடைய கடைசி மகளுக்கு அப்போது நாலு மாதம்.

"ஏன் நிக்கிது? சுவிச்சத் தூக்கிப் போடுங்க" என்று முதலாளி வந்தார். பதியுதீன் சுவிச்சை மறித்துக்கொண்டு நின்றார். மோட்டாரைக் கழற்றியபோது உள்ளே கம்பியின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. முதலாளி அதைப் பார்த்தார். சின்னத்தங்கத்தின் கைகளைப் பார்த்தார். 

யுத்தம் முடிந்தது. சபூரா கிடாரத்தைக் கேட்கும்போதெல்லாம் "நாளைக்குக் கிண்டுறன்" என்றார் பதியுதீன். நாற்பத்தெட்டில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. வாளியைச் சின்னத்தங்கம் எடுத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் கழிந்து அவள் சபூராவிடம் போனாள்.

"கிடாரத்தக் கிண்டித் தரட்டா ராத்தா?"

"தொட்டியடியில எத்தின பேர் வேல செய்றீங்க?"

"பதினொரு பேர்."

"அப்ப அங்கயே கிடக்கட்டும். ஆனா நான் அத அவருக்கு விட்டுக் குடுக்கல்ல, ஓம். கேட்டு வாங்கின சாமான். மறுமையில கண்டா நானே கேட்பன்."

மறுநாள் காலை, புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி மணல் நனைவதைப் பார்த்துக் கேட்டாள்: "இது ஆர்ர கபுறு அக்கா?"

"கபுறில்ல. சபூரா ராத்தாட கிடாரம். காக்கா இன்னும் திருப்பிக் குடுக்கல்ல" என்றாள் சின்னத்தங்கம்.