சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை

இந்தப் படத்தை எடுத்த இயக்குநரே, உங்களைத்தான் சொல்கிறேன்: தியேட்டர் கேண்டீன்காரன் படத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, சுவர் வழியாகக் காதால் கேட்கிறவன், அந்தக் காதுக்குக்கூட ஒன்றும் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டீர்கள்.

ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் கேண்டீன் நடத்துகிறேன். தட்டில் முறுக்கு அடுக்கிக்கொண்டு சீட்டு வரிசைக்கு நடுவே கூவி விற்றுத் தொடங்கியவன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து பாப்கார்ன் மெஷின் வரைக்கும் பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கியது கிடையாது. பேரம் பேசினால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் விலை இறங்கும். அப்படியே பழகிப்போச்சு.

இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்து நொந்துபோன வாசகர்களே, உங்களுக்காவது உள்ளே ஏசி இருந்தது. படம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்க்க ஆளும் இருந்திருக்கும். என் வீட்டில் நான் ஒருத்தன்தான். அதுபோக, எனக்கு இந்தப் படம் ஓடியே ஆகவேண்டிய காரணம் ஒன்று இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் கேண்டீன் வைத்திருக்கும் குருசாமி என் கூட்டாளி. இந்த ஹீரோவை நாங்கள் பேர் சொல்ல மாட்டோம், 'நம்ம ஆளு' என்றுதான் சொல்லுவோம். நம்ம ஆளு படம் வந்தால் முதல் நாள் இடைவேளைக் கூட்டம் அடங்கியதும், எவன் கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியதோ அவன் மற்றவனுக்குப் போன் போடுவான். "ஏலே, இங்க பொங்கிருச்சு!" அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவோம். பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதற்கப்புறம் நம்ம ஆளுக்கு வந்த முதல் படம் இது. ஆக்‌ஷனும் காமெடியும் கலந்தது என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். கூட்டம் பொங்கினால் போன் போட்டுவிடலாம். வழக்கம்தானே? நான் இறங்கிப் போனதாகவும் ஆகாது. அதை நம்பித்தான் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்து வைத்தேன்.

பாதிக்கு மேல் மிச்சம்

முதல் நாள் காலைக் காட்சிக்கு மேளம், வெடி, கட்அவுட்டுக்குப் பால் என்று ஒரு குறையும் இல்லை. ரசிகர் மன்றத் தலைவர் மாரிமுத்து நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். திரையைப் பார்த்து எறிவதற்காகப் பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒரு சாக்குப்பை நிறைய அடைத்துக்கொண்டு வந்திருந்தார். நம்ம ஆளு ஹெலிகாப்டரிலிருந்து குதித்தபோது விசிலில் என் கடைக் கண்ணாடிப் பாட்டில்கள் அதிர்ந்தன. அப்பாடா என்று மாவைப் பிசைய உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சுவரில் சத்தமே இல்லை. துப்பாக்கி மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

இடைவேளைக்கு முன்னாலேயே மாரிமுத்து வெளியே வந்து பையை என் மேசையில் வைத்தார். முக்கால் பை அப்படியே இருந்தது. "என்னப்பா, எறியலையா?" என்றேன். நெற்றியில் பூசிய விபூதியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எறியுறதுக்கு ஒரு இடம் வரும் வரும்னு கைல வச்சுக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி, வேர்த்து நனைஞ்சே போச்சு."

பூனை

சமோசா விஷயத்தில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஆபரேட்டர் சொல்லும் நேரத்தை நான் நம்புவதில்லை. நம்ம ஆளு படம் என்றால் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய காமெடி வரும், ஜனம் சிரிக்கிற சிரிப்பு சுவரைத் தாண்டி வரும். அந்தச் சிரிப்பு கேட்டதும் சமோசாவை எண்ணெயில் போட்டால், கதவு திறக்கும்போது சூடாக எடுக்கலாம். இந்தப் படத்துக்குச் சிரிப்பே வராததால் அடுப்பைச் சிம்மிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் திடீரென்று ஒரு சிரிப்பு. சும்மா இல்லை, கைதட்டி, விசிலடித்து, காலால் தரையை உதைத்துச் சிரிக்கிறார்கள். படம் தூக்கிவிட்டது, ஜனத்துக்கு இப்போதுதான் விளங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்த சமோசா அத்தனையையும் எண்ணெயில் தள்ளினேன். முதல் நாள் இல்லாவிட்டால் என்ன, மூன்றாம் நாள் பொங்கினாலும் பொங்கல்தானே? இடது கையில் போனை எடுத்துக் குருசாமி நம்பரையும் தேடிவிட்டேன்.

கதவு திறந்தது. வந்தது ஏழெட்டுப் பேர். "என்னய்யா, சிரிப்பு அந்தப் போடு போட்டீங்க, பசிக்கலையா?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருந்த ஒருத்தர், "நம்ம ஆளு அம்பது பேரைப் பறக்கவிட்டு அடிக்கும்போது திரைக்கு முன்னால மேடையில ஒரு பூனை வந்து நின்னு, சண்டையைப் பார்த்துட்டு, கொட்டாவி விட்டுட்டுப் போச்சு" என்றார். நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு ரெண்டு சமோசா குடுங்க அண்ணாச்சி, படத்துல அது ஒண்ணுதான் நடிச்சுச்சு."

கொஞ்சம் சத்தமாக

ஆறின சமோசாவைத் தின்ன எனக்கு ஒரு கூட்டு வேண்டுமே. ஆபரேட்டர் செல்வத்தை மாடியிலிருந்து கூப்பிட்டேன். இப்போதெல்லாம் படம் கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிறது, அவரும் மேலே தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். தின்றுகொண்டே, "ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் காத்தாடுதாம். குருசாமி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசலாம்ல?" என்றார்.

நான் நியாயத்தைச் சொன்னேன். மதுரைக்குச் சரக்கெடுக்க நாங்கள் எப்போதும் சேர்ந்துதான் போவோம். பேரம் பேசுவது நான், மூட்டை தூக்குவது அவன். ஒரு தடவை என்னை விட்டுவிட்டு அவன் தனியாகப் போய், கடைக்காரன் சொன்ன விலைக்கே பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால், 'ஒரு நாளாவது சண்டை சத்தம் இல்லாம சாமான் வாங்கணும்னு இருந்துச்சுலே' என்கிறான். இதைக் கேட்டு எவனுக்குத்தான் கோபம் வராது? அன்றைக்குப் போனில் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். செல்வம் வாயிலிருந்த சமோசாவை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கொஞ்சமா? நீங்க கேட்டது போன் இல்லாமலே ஸ்ரீவில்லிபுத்தூர்ல கேட்டிருக்கும்."

தூங்க வந்த அக்கா

இரண்டாவது வாரம். மேட்னிக்கு ஓர் அக்கா தினமும் வந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவர் வீட்டில் பகலில் தகரக்கூரை காயுமாம், தூங்க முடியாதாம். என்னைவிடப் பெரிய பேரக்காரி. டீயில் பால் குறைவு, கப் சின்னது, ஆளில்லாத தியேட்டரில் இந்த விலை அநியாயம் என்று வரிசையாக அடுக்கினார். நானும் விடவில்லை. "இது என்ன சந்தையா?" என்று சத்தம் போட்டேன். அவர் அதற்கு மேல் சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால், அந்த வாரத்தில் நான் மனுஷனோடு வாய்விட்டுப் பேசியது அது ஒன்றுதான்.

"எப்படிக்கா இந்தக் குண்டுச் சத்தத்துல தூங்குதீக?" என்று ஒரு நாள் கேட்டேன். தறிச் சத்தத்தில் வேலை பார்க்கிற ஆளுக்கு இதெல்லாம் தாலாட்டு என்றார். சிரிக்கிற படம் என்றால்தான் கஷ்டமாம், பக்கத்து சீட்காரன் சிரித்து எழுப்பிவிடுவானாம். டீயை முடித்துவிட்டுக் காலி ஹாலையும் என்னையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். "நீங்களும் உள்ள வந்து செத்த நேரம் படுங்களேன்யா, உள்ள ஒரு ஆளு வெளிய ஒரு ஆளுன்னு என்னத்துக்கு ரெண்டு பேரும் தனித்தனியாக் காவல் காக்கோம்?"

ஒரு டீ

மறுநாள் அந்த அக்காவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. மேட்னிக்கு ஒரு டிக்கெட்கூடப் போகாமல் காட்சியை ரத்து செய்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவன், வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே குருசாமி தியேட்டரில் இதே படத்துக்கு டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தேன். நம்ம ஆளுக்கு வயசு தெரிகிறது. அது தப்பில்லை, எனக்கும்தான் தெரிகிறது. ஆனால் கூடச் சிரிக்க ஓர் ஆளில்லாமல் அவரைத் தனியாக நிற்கவைத்து, ஜோக்கைத் தானே சொல்லித் தானே சிரிக்கும்படி விட்டிருந்தீர்களே இயக்குநரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இடைவேளை விட்டது. கேண்டீனில் குருசாமி நின்றான். முடி நரைத்திருந்தது. 'பொங்கிருச்சு' என்றால்தான் எனக்கு அவனிடம் பேச்சு ஆரம்பிக்கும், அந்தக் காலி ஹாலை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்ல? எத்தனையோ யாவாரிகளை வாயால் மடக்கியவன், "ஒரு டீ" என்று மட்டும் சொன்னேன். அவன் இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனி போடாமல், எனக்கு எப்படி வேண்டுமோ அப்படியே போட்டு வைத்தான். நான் விலை கேட்காமல் காசைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. மீதிச் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு, என்னை 'வாலே', 'போலே' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாதவன், முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பெல் அடிச்சிட்டாங்க, உள்ள போங்க."

ஆகவே இயக்குநரே, அடுத்த படத்தையாவது கதவை உடைத்துக்கொண்டு ஜனம் கேண்டீனுக்கு ஓடிவருகிற மாதிரி ஒழுங்காக எடுத்து நீங்கள் செய்ததை நீங்களே சரிசெய்து கொடுத்துவிடுங்கள், குருசாமிக்குப் போன் போட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.