‘இருங்க, ஒரு நிமிஷம்!’

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம். ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் முன்னால், கூரை போட்ட நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் கணவர். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று நடந்ததை இதுவரை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அதற்கு எட்டு மாதம் முன்புதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இருபத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த கை ஒரே காலையில் தொங்கிப்போனது. வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வாயில் வந்து மாட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்தவை இரண்டே வார்த்தைகள். ‘தண்ணி’, ‘வேணாம்’. மற்றதெல்லாம் ‘ஆ’தான்.

மகள் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாள். கிள்ளான் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் வேலை செய்த, சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஆபீஸில் நல்ல மனது வைத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, உடுத்தி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். நடுவில் நான்கு தடவை அவரைத் தூக்கி இறக்க வேண்டும். அவர் நல்ல உடம்புக்காரர். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, லீவு போட்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிகிச்சை மையத்துக்கு அழைத்து வருவேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடை.

இந்த நாட்களில்தான் போனில் ஒரு கேம் எனக்குத் துணையானது. ஒரே நிறப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் பள்ளியில் படித்தபோது கேம் விளையாடுகிறாள் என்று கையிலிருந்த போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியவள் நான். அதே நான், ஆஸ்பத்திரி வராந்தாவில் பொழுது போகாமல் அதைத் தொட்டேன். எட்டு மாதத்தில் அறுநூறு கட்டங்களைத் தாண்டிவிட்டேன். சோறு வேகும்போது விளையாடுவேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு விளையாடுவேன். அவருக்கு ஒரு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் பழங்களை நகர்த்தியிருக்கிறேன். என் நாளில் நான் எது செய்தாலும் மறுநாள் அது மறுபடி செய்ய வேண்டியதாக இருந்தது. அந்தத் திரையில் மட்டும்தான் ஒன்று முடிந்தால் முடிந்ததாக இருந்தது.

அன்று சிகிச்சை முடிந்து வெளியே வந்தோம். மழையில் ரயில் நிலையம் வரை தள்ளிக்கொண்டு போக முடியாது என்று போனில் கார் கூப்பிட்டேன். எட்டு நிமிடத்தில் வரும் என்று காட்டியது. நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் ஒரு சரிவு. அதற்கு மேலே, தூணை ஒட்டி நாற்காலியை நிறுத்தினேன். அதற்கு இரண்டு சக்கரத்திலும் பிரேக் உண்டு. இரண்டையும் போட வேண்டும். நான் ஒரு பக்கம் மட்டும் போட்டேன். மறு பக்கத்துக்குக் குனியும்போது போன் மணியடித்தது. கேமிலிருந்து வந்த செய்தி. அரை மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாமாம், அதில் பத்து நிமிடம்தான் பாக்கியாம். கார் வர எட்டு நிமிடம் இருக்கிறதே என்று திறந்தேன்.

பக்கத்தில் அவர் ‘ஆ... ஆ...’ என்றார்.

“இருங்க, ஒரு நிமிஷம்” என்றேன். தலையைத் தூக்கவில்லை.

மறுபடியும் ‘ஆ’ என்றார். இந்த முறை சத்தமாக. “வருது வருது, கார் வந்துகிட்டே இருக்கு, சும்மா இருங்க” என்று எரிந்து விழுந்தேன். அப்போதும் பார்க்கவில்லை. ஒரு பிரேக் மட்டும் போட்டிருந்த நாற்காலி, அவருடைய பாரத்தில் மெல்லத் திரும்பிச் சரிவின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். என்னிடமிருந்து விலகிப் போகும் அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“யாரு கூட வந்தது? வண்டி உருளுது! யாருலா கூட வந்தது?”

அந்தச் சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தேன். சரிவின் அடியில், சாலை ஓரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் என் கணவரின் நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கோல் சாலையில் கிடந்தது. நாற்காலியின் முன் சக்கரங்கள் இரண்டும் சாலையில் இறங்கிவிட்டன. ஒரு லோரி ஹாரன் அடித்தபடி அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது.

நான் ஓடினேன். கையிலிருந்த போன் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. இரண்டு பேருமாக நாற்காலியை மேலே இழுத்துவிட்டோம். என் கணவரின் முகம் வெளுத்திருந்தது. இடது கையால் என் முந்தானையைப் பிடித்தவர் விடவேயில்லை.

அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு கண்ணும் தெரியாதவர். நான்கு கடை தள்ளியிருந்த ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை பார்ப்பவர். சாலையைக் கடப்பதற்காகச் சரிவின் அடியில் நின்றிருக்கிறார். பின்னால் சக்கரச் சத்தம், கூடவே ஒரு மனிதக் குரல். திரும்புவதற்குள் நாற்காலி அவர் முழங்காலில் வந்து மோதியிருக்கிறது. யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். அவர் ஒதுங்காமல் பிடித்துக்கொண்டார். காற்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம் வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை, நான்தான் சொன்னேன்.

“பரவால்ல அக்கா. அண்ணனுக்கு ஒன்னும் ஆகலையே? அத பாருங்க மொதல்ல.”

மழைக்கு ஒதுங்கி நின்ற நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்து ஒரு பெண் தண்ணீரும் மருந்தும் கொண்டுவந்தார். ஒரு நாற்காலி போட்டு அந்த மனிதரை உட்கார வைத்து, நான் கீழே உட்கார்ந்து காயத்தைத் துடைத்தேன். யாரோ என் போனை எடுத்துவந்து பக்கத்து மேசையில் வைத்தார்கள். திரையில் கீறல் விழுந்திருந்தது. உள்ளே இன்னும் கேமின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“போன் பேசிட்டு இருந்தீங்களாக்கா?” என்று அவர் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு உடனே வாயில் வந்தது பொய்.

“ஆமா தம்பி. ஆபீஸ்ல இருந்து. அவசரமா கூப்புட்டாங்க.”

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல்.

“கே...ம்.”

நான் திரும்பினேன். என் கணவர்தான். உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி சொன்னார்.

“கேம்.”

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் நான் ஏங்கியது அவர் வாயிலிருந்து இன்னொரு வார்த்தைக்காகத்தான். என் பெயரைச் சொல்வார், மகள் பெயரைச் சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லச் சொல்லிப் பழக்குவேன். அத்தனை பேர் முன்னால் கடைசியில் அவர் தெளிவாகச் சொன்ன மூன்றாவது வார்த்தை அதுவாக இருந்தது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். சுற்றி நின்றவர்கள் மெல்ல விலகிப் போனார்கள். ஒரு பெண்மணி மட்டும் போகும்போது, “அறிவு வேணாமா?” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அடிபட்டவர் மட்டும் சிரித்தார்.

“அண்ணன் நல்லா பேசுறாரே! என்ன கேம் அக்கா?”

சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அறுநூற்றுச் சொச்சம் கட்டம் வந்துவிட்டேன் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் ஒருவரிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

“நானும் விளையாடுவேன்லா. காதுல மாட்டிகிட்டு விளையாடுற கேம் இருக்கு. கார் ரேஸ். சத்தத்த வச்சே வளைக்கணும்” என்றார். முப்பது வயதில்தான் அவருக்குப் பார்வை போனதாம். அப்போது ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். “எது இடது, எது வலது, எது கிட்ட வருதுன்னு காதால பிரிக்க அதுலதான் பழகுனேன். இன்னைக்கு அண்ணன் வந்தது கேட்டது அதனாலதானான்னு தெரியாது. ஆனா அதே கேம்ல மூழ்கிப் போய் எல்ஆர்டி ரயில்ல எறங்காம கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ. மொதலாளி வேலைய விட்டே அனுப்பப் பாத்தாரு.”

கார் வந்து, காத்திருந்து, போயே விட்டது. வேறு கார் கூப்பிட்டேன். ஏறும்போது அவரே வந்து என் கணவரின் தோளைத் தடவிப் பார்த்து, வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

“இந்த விரலுக்கு வேல குடுங்க அக்கா. கேம அண்ணன்கிட்ட குடுங்க. நீங்க மட்டும் விளையாடுனா எப்படி?”

வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும்போது, “என் மேல கோவமா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு இடது கையால் என் முகத்துக்கு நேராகக் காட்டி, “இல்ல” என்றார். மறுபடியும் என்னைக் காட்டி, “இல்ல... இல்ல” என்றார். கோபம் இல்லை என்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நீ இல்லை என்கிறார். நான் அவர் பக்கத்திலேயே இருந்து, அவர் வாயைத் துடைத்து, துணி மாற்றி, எல்லாம் செய்துகொண்டிருந்த எட்டு மாதமும் அவர் அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறார்.

அன்றே கேமை அழித்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், பத்து நாளில் மறுபடி ஏற்றினேன். ஆனால் இந்தத் தடவை அவருக்காக. சிகிச்சை மையத்தில் கேட்டபோது, “நல்லதுதான். கைக்கு அடியில தலகாணி வச்சு, கால் மணி நேரம் மட்டும்” என்றார்கள். வலது ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு பழத்தை நகர்த்த அவருக்கு மூன்று வாரம் ஆனது. நகர்ந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லோரி ஓட்டிய காலத்தில் முதல் டிரிப்பை முடித்துவிட்டு வரும்போது இருக்குமே, அந்த முகம். ஒரு கட்டத்தில் தோற்றபோது நல்ல தெளிவாக மலாய் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதுதான் ஐந்தாவது வார்த்தை. ஆறாவதாக என் பெயர் வந்தது.

கேம் நல்லது செய்தது என்று இதோடு முடித்துவிட ஆசைதான். ஆனால் இரண்டு மாதத்தில் அவருக்கும் அந்தப் பிடி வந்துவிட்டது. கால் மணி நேரம் ஒரு மணி நேரமானது. போனை வாங்கினால் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார், சாப்பிட மாட்டார். ஒருநாள் தூக்கியே எறிந்தார். அப்போதுதான் எனக்கு அவரையும் புரிந்தது, என்னையும் புரிந்தது. இருக்கும் இடத்தில் இருக்க முடியாத மனிதர்கள் நாங்கள் இருவரும். அவருக்கு உடம்பு விடவில்லை, எனக்கு வேலை விடவில்லை. இப்போது சமையலறை மணியைக் கால் மணி நேரத்துக்கு வைத்துவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். மணி அடித்ததும் இருவருமே பெருமூச்சு விடுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸ்காரரை அடுத்த வியாழக்கிழமையே போய்ப் பார்த்தேன். முழங்காலில் காய்ந்த புண். “இன்னைக்கு ரெண்டு பிரேக்கும் போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் செய்து, “என்னால முடியல அண்ணி, சனிக்கிழமைல வர முடியுமா?” என்று கேட்டேன். “நீ கூப்புடுவேன்னுதான் இத்தன மாசமா பாத்துகிட்டு இருந்தேன்” என்றார். அவர் வரும் சனிக்கிழமைகளில் நான் மூன்று மணி நேரம் உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். தூக்கம் வந்தால் தூங்குவேன், வராவிட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

களைப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திரைக்குள் நழுவிப் போவதைவிட, ‘கொஞ்ச நேரம் இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் போய்விட்டு வருகிறேன்’ என்று வாய்விட்டுக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதையும், கேட்டால் வருவதற்கு ஆள் இருந்தது என்பதையும் நினைத்தால் இன்றும் மனம் கலங்கத்தான் செய்கிறது.